அழகு ராணியும் அரசியலும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ரிங்லெட் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்த சமயம், கொழும்பு மாநகரின் முன்னாள் மேயர் திருமதி ரோஸி சேனாநாயக்க அம்மையாரைப் பற்றிய பிரஸ்தாபம் எழுந்தது. நண்பரில் ஒருவர் நன்கு படித்தவர். பொதுக் காரியங்களில் பற்றுள்ளவர். ஒரு சங்கத்தின் தலைவருமாயிருப்பவர். அவர் சிரித்துக்கொண்டே, "முகத்தைக் காட்டிக் கிரீடம் வாங்கினாள், அதே முகத்தைக் காட்டி ஓட்டும் வாங்கினாள், இதில் என்ன அதிசயம்?" என்றார். கூடியிருந்தோர் யாவரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூடுபனியில் தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் அச்சிரிப்பு நமக்குக் கசந்தது. கசந்ததன் காரணத்தைச் சொல்லி, நண்பருடைய சித்தாந்தத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் இப்பத்திரிகையை வாரந்தோறும் வாசிப்பவர். ஆகையால் முதுகுக்குப் பின்னால் பேசினோம் என்ற பழி நமக்கு வாராது.

முதலில் அவர் பேசிய மொழியைக் கவனிப்போம். "வாங்கினாள்" என்றார். அவ்வம்மையாருக்கு முன்னே கொழும்பில் எத்தனையோ மேயர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவரையேனும் "ஓட்டு வாங்கினான்" என்று நமது நண்பர் சொல்லியிருப்பாரா? ஒருநாளும் சொல்லார். ஆண்மகன் நாற்காலியில் அமர்ந்தால் "அமர்ந்தார்". பெண்மகள் அமர்ந்தால் "அமர்ந்தாள்". 1865-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்டது கொழும்பு மாநகரசபை. அதன் தலைமை நாற்காலியில் ஒரு பெண் அமர்வதற்கு 2018-ம் வருஷம் வரை, அதாவது நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல், காத்திருக்க நேர்ந்தது. அப்படி அமர்ந்த முதல் பெண்ணுக்கு நம்மவர் கொடுத்த மரியாதை ஒரு 'ள்' என்னும் எழுத்து!

இனி அவருடைய சரித்திரத்துக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் 'மிஸ் ஸ்ரீலங்கா'வாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர். அப்பதிற்றாண்டின் இடையில் 'மிஸஸ் வேர்ல்ட்' என்னும் மணமான பெண்களின் உலகப் பட்டத்தையும் பெற்றவர். நண்பருக்குத் தெரிந்தது இவ்வளவே. ஆனால் அவர் பாராளுமன்றத்தில் காலெடுத்து வைத்தது 2010-ம் வருஷத்தில்! கிரீடத்துக்கும் ஆசனத்துக்கும் இடையே ஏறக்குறைய கால் நூற்றாண்டு கிடக்கிறதே, அது எங்கே போயிற்று? அக்காலத்தில்தான் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் நல்லெண்ணத் தூதுவராகப் பெண்கள் சுகாதாரத்தைப் பற்றிப் பேசி வந்தார். 2002-ல் தமது நாட்டின் ஹைகமிஷனராக நமது கோலாலம்பூருக்கே வந்து இரண்டு வருஷ காலம் பணியாற்றினார். 2009-ல் மேல்மாகாண சபைக்குத் தேர்தலில் நின்று வென்றார். அங்கே எதிர்க்கட்சித் தலைமையும் வகித்தார். 2010-ல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் கொழும்பு மாவட்டத்து அங்கத்தினரானார். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியபோது சிறுவர் விவகாரத்துக்கு ராஜாங்க மந்திரியானார். ஒருவன் இருபத்தைந்து வருஷம் வக்கீல் தொழில் நடத்தி மந்திரியானால், "பழுத்த அனுபவசாலி" என்று நாம் மாலை போடுகிறோம். ஒரு பெண் அதே காலத்தைப் பொதுவாழ்வில் செலவிட்டால், அத்தனையும் அழிந்து, முதல் நாள் தலையில் ஏறிய கிரீடம் மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இது பார்வைக் கோளாறன்றோ?

நண்பருடைய கட்சியை அடியோடு கவிழ்க்கும் சம்பவம் இனித்தான் வருகிறது. 2015 ஆகஸ்டு மாதத்துப் பொதுத்தேர்தலில், தம் கட்சி வென்று ஆட்சி அமைத்த அந்தத் தேர்தலில், அம்மையார் தோற்றார். அதே முகம், அதே மாவட்டம், மந்திரிப் பதவியும் கூடவே இருந்தது. முகம் ஓட்டு வாங்குமானால் ஏழு மாதத்தில் அம்முகத்துக்கு நேர்ந்தது என்ன? பிறகு பிரதம மந்திரியின் காரியாலயத்தில் வேலைபார்த்து, 2018 பிப்ரவரியில் நகரசபைத் தேர்தலில் நின்று மீண்டார். விழுந்து எழுந்த இந்தக் கதையில் அழகின் பங்கைத் தேடிக் காட்டும்படி நண்பரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

தூர தேசத்திலும் இதற்கு ஒரு சாட்சியம் உண்டு. வெனிசுலா நாட்டு ஐரின் சாயெஸ் என்னும் மாது 1981-ல் 'மிஸ் யூனிவர்ஸ்' பட்டம் பெற்றவர். தலைநகரை அடுத்த சக்காவோ என்னும் நகருக்கு மேயராகி, நிர்வாகத்தைச் சீர்செய்து, 1995-ல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஓட்டுகளால் மறுபடியும் தெரிந்தெடுக்கப்பட்டார். 1998-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். ஆரம்பத்தில் அவரே வெல்வார் என்று பேச்சு நடந்தது. ஜனங்கள் வெறுத்துப்போன பழைய கட்சியொன்றின் ஆதரவை அவர் ஏற்றதும் செல்வாக்குச் சரிந்து, நூற்றுக்கு மூன்று ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. மூன்றே வருஷத்தில் அவருடைய அழகு குறைந்துவிட்டதென்று யாரும் சொல்ல முடியாது. குறைந்தது அரசியல் நிதானம். நகரத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்தபோது ஓட்டுக் கொடுத்த ஜனங்கள், தவறான கூட்டுச் சேர்ந்தபோது கொடுக்கவில்லை. வாக்காளர் நமது நண்பர் நினைக்கிற அளவு மூடரல்லர்.

இஃதிவ்வாறிருக்க, ஆண்கள் எந்த வழியாக அரசியலுக்கு வருகிறார்கள் என்பதையும் சற்று ஆராய்வோம். 1996-ல் உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் தலைவர் அர்ஜுன ரணதுங்க 2001-ல் பாராளுமன்றம் சென்றார், பின்னர் மந்திரியானார். பந்தடிக்கத் தெரிந்தவனுக்குத் துறைமுகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் நகைக்கவில்லை. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1977-ல் முதல் மந்திரியானார். அவருடைய முகவசீகரத்தைப் புகழ்ந்து பேசியவர்களே அவருடைய தலைமையையும் புகழ்ந்தார்கள். இவற்றினும் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. அர்னால்டு ஷ்வார்ஸ்நேகர் என்பவர் மேடையில் ஏறி, இடையில் ஒரு சிறு துணியுடன் நின்று, தசைகளை முறுக்கிக் காட்டி, 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் பெற்றவர். அது அழகுப் போட்டியன்றி வேறென்ன? அவர் 2003-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்துக்குக் கவர்னரானார். நமது நண்பர் அவருடைய படத்தைத் தமது அறையில் மாட்டியிருந்தவர்! உடம்பைக் காட்டிப் பட்டம் வாங்கிய ஆண் கவர்னரானால் அது விடாமுயற்சி. பெண் மேயரானால் அது மாயவித்தை. எந்தத் தராசில் நிறுத்தார்கள் இதை? கொழுந்து நிறுக்கும் தராசில் இப்படி ஒரு தட்டு சாய்ந்திருந்தால் எத்தனை பேர் கூச்சலிடுவார்கள் என்பது செக்ரோல் எழுதும் நமக்குத் தெரியும்.

பெண்களுக்குத் திறந்திருந்த வாசல்கள் எவை? இலங்கையில் ஆண் பெண் அனைவருக்கும் 1931-லேயே வோட்டுரிமை கிடைத்தது. அவ்வருஷமே ராஜாங்க சபைக்கு முதல் பெண்ணாகச் சென்றவர் அடலின் மொலமூரே அம்மையார். எப்படிச் சென்றார்? தந்தை காலமானதால் காலியான தொகுதியில் நின்று. 1932-ல் இரண்டாமவராகச் சென்றவர் தமிழ்ப் பெண்மணியாகிய நேசம் சரவணமுத்து அம்மையார். எப்படி? கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் வழக்கினால் இழந்த கொழும்பு வடக்குத் தொகுதியில் நின்று. (அந்த டாக்டரே 1937-ல் கொழும்புக்குத் தேர்தல் மூலம் வந்த முதல் மேயரானார் என்பதும் ஒரு விசேஷம்.) 1960-ல் உலகத்தின் முதல் பெண் பிரதம மந்திரியாக ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையார் வந்ததும் கணவர் சுட்டுக் கொல்லப்பட்ட மறுவருஷம். இவர்களுடைய திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நேசம் அம்மையாருக்கு அத்தொகுதி ஜனங்கள் மனமுவந்தே வோட்டளித்தார்கள். ஆனால் வாசல் எது என்று பாருங்கள்: தகப்பன் பிணம் போன வாசல், புருஷன் பதவி போன வாசல். இவை இரண்டும் இல்லாத பெண் எந்த வழியாக வருவாள்? ஊர் அறிந்த பெயர் ஒன்று வேண்டும். அப்பெயரைச் சம்பாதிக்கப் பெண்ணுக்கு உலகம் திறந்து வைத்த சில சந்துகளில் ஒன்று அழகுப் போட்டி. அச்சந்து வழியாக வந்தவரைப் பழிக்கும் கனவான்கள், பெரிய கதவைப் பூட்டி வைத்திருப்பது யார் என்பதை மட்டும் கேட்பதில்லை.

அழகுப் போட்டிகளை நாம் ஆதரிப்பதாக வாசகர் எண்ணவேண்டாம். அவை நமக்கு அருவருப்பானவை. பெண்களை வரிசையாக நிறுத்தி, உயரம் அளந்து, நடக்கவிட்டு, திரும்பவிட்டு, மார்க் போடுவது மாட்டுச் சந்தையில் நடக்கும் காரியம். அதற்குப் பின்னே சோப்பு, முகப்பூச்சு, நீச்சல் உடை விற்பவர்களின் வியாபாரம் இருக்கிறது. 1996-ல் பெங்களூரில் 'மிஸ் வேர்ல்ட்' போட்டி நடந்தபோது எழுந்த கிளர்ச்சியை வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். (அதிலும், பெண்ணின் மானத்துக்காகப் பேசியவர்களும், பெண்ணை வீட்டுக்குள் அடைப்பதற்காகப் பேசியவர்களும் ஒரே தெருவில் கோஷமிட்டார்கள் என்பது வேறு கதை.) ஆனால் சந்தை கேவலமானதென்றால் சந்தை நடத்துபவனைக் கேவலமாகப் பேசவேண்டும். அதிலிருந்து வெளியேறி வந்து, "என் வேலையைப் பார்" என்று சொல்லுகிற பெண்ணையா பேசுவது?

அம்மையார் அப்படித்தான் சொன்னார். அதுவும் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று. 2012-ம் வருஷத்தில், எதிர்க்கட்சி அங்கத்தினர் என்ற முறையில், போக்குவரத்து மந்திரியாயிருந்த குமார வெல்கமவை நோக்கி அவர் ஒரு வினா விடுத்தார். மந்திரி கனவான் அந்த வினாவை விட்டுவிட்டு, வினவியவரின் வசீகரத்தைப் புகழ்ந்து, தம் மனத்தில் எழும் உணர்ச்சியைச் சபைக்கு வெளியே சந்தித்தால் விவரிப்பதாகக் கூறினார். அம்மையார் சிரித்து மழுப்பவில்லை. ஒரு காலத்தில் தாம் அழகு ராணியாக இருந்தது மெய்யென்றும், இங்கே வந்திருப்பது அதற்கல்லவென்றும், அவ்விதமாகத் தம்மைக் குறிப்பிடுவதை விரும்பவில்லையென்றும் கண்டித்துச் சொன்னார். இதில் ஒரு கொடிய வேடிக்கை உண்டு. தினந்தோறும் பஸ்ஸிலும் ரயிலிலும் பெண்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதற்கு அத்தீவில் பதில் சொல்லவேண்டிய மந்திரியே அவர்! பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் காலிக்கும் சபையில் எதிரில் நிற்கும் மந்திரிக்கும் உடையில் உள்ள பேதந்தான் நமக்குத் தெரிகிறது. நமது தேநீர்க் கடை நண்பர் கட்டிய வேஷ்டியும் அதே நூலில் நெய்ததுதான்.

நிற்க. அம்மையாரைக் குறைகூறவே கூடாது என்பதா நமது வாதம்? அன்று. குறைகூற வேண்டிய விஷயங்களை விட்டுவிட்டு முகத்தைப் பற்றிப் பேசுவதால் அவர் தப்பித்துக்கொள்ளுகிறார் என்பதே நமது மனத்தாங்கல். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட ஏழைகள் மண்ணோடு மண்ணானார்கள். அது கொழும்பு நகரத்தின் குப்பை. மறுவருஷம் மேயராக வந்தவரை ஒவ்வொரு நாளும் கேட்கவேண்டிய கேள்வி அக்குப்பையைப் பற்றியது. நகரத்துக் குப்பையைப் புத்தளம் அருவக்காலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டை அவ்வூர் ஜனங்கள் எதிர்த்துப் போராடினார்களே, தலைநகரத்தின் அழுக்கை ஏன் அவர்கள் சுமக்கவேண்டும் என்றும் கேட்டிருக்கலாம். பிறகு, 2023 மார்ச்சு 9-ந் தேதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லையென்ற சாக்கில் நடவாமற்போயிற்று. அப்போது ஜனாதிபதி ஆசனத்தில் இருந்தவர் அம்மையாருடைய கட்சித் தலைவர். அது பிரஜைகளின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. ஜனங்களின் ஓட்டால் மேயரானவர் ஜனங்களின் ஓட்டு மறுக்கப்பட்டபோது என்ன செய்தார் என்று கேளுங்கள், சரியான கேள்வி. அதற்கு அவர் பதில் சொல்லட்டும். "அழகி" என்று நகைத்தால் அவர் பதில் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை.

அதே 2025-ல் கொழும்புக்கு மற்றொரு பெண், வ்ராய் கெலீ பல்தஸார், மேயரானார். கட்சி வேறு, வழி வேறு. இரண்டாவது பெண் வரும்போது "பெண்ணா!" என்ற வியப்புப் பாதி குறைந்திருந்தது. முதலில் நடந்தவர் முள்ளை மிதித்ததன் பயன் அது. இன்னொன்றும் சொல்லவேண்டும். உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கென்று சட்டம் செய்து, 2018 தேர்தலில்தான் முதன்முதல் அதை நடத்தினார்கள். அதற்குமுன் அச்சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கிரீடம் செய்யாததைச் சட்டம் செய்தது.

தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் வாங்கும் நாம் இதை எழுதும்போது இலங்கை மலைநாட்டை எண்ணாமல் இருக்க முடியவில்லை. அங்கே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளித் தேசத்துக்கு அன்னியச் செலாவணி சேர்த்தவர்கள் பெண்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் நாடற்றவராக்கிற்று. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் மலையகத் தமிழ்ப் பெண்களில் முதல்வர்களாகப் பாராளுமன்றம் புகுந்தது 2024 நவம்பரில். எழுபத்தாறு வருஷம்! அவர்களுக்குக் கிரீடமும் இல்லை, காலஞ்சென்ற தந்தையின் தொகுதியும் இல்லை.

நம் நாட்டின் கணக்கு என்ன? 1943-ல் நேதாஜி ஜான்ஸிராணிப் படையை அமைத்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்மரம் சீவிய பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். அப்படையின் தலைவிகளில் ஒருவரான ஜானகி ஆதி நாகப்பன் அம்மையார் பின்னர் மேல்சபை அங்கத்தினராகவும் இருந்தார். அப்பெண்களில் யாருடைய மூக்கு எடுப்பாயிருந்தது என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் நமது கேமரன் மலைத் தொகுதியிலிருந்து 2004-ம் வருஷம் முதல் நாடாளுமன்றம் சென்றவர் ஒவ்வொருவரும் ஆண்களே. மலையில் இன்று கத்தரியும் இயந்திரமும் பிடித்துக் கொழுந்து வெட்டுவோர் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய தேசங்களிலிருந்து வந்தவர்கள். மிஞ்சியிருக்கும் நம்மவருக்குள் சங்கங்களுக்குக் குறைவில்லை. அச்சங்கங்களின் நிர்வாகிகள் படத்தைச் சுவரில் பார்த்தால் மீசைகளுக்கும் குறைவில்லை.

இப்போது நமது சொந்தக் குற்றத்துக்கு வருகிறோம். நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் 'பொங்கல் அழகி' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். மேடை போட்டதும், மைக் பிடித்ததும், மார்க் போட்டதும் ஆண்கள். காய்கறித் தோட்டமொன்றின் காரியாலயத்தில் கணக்கெழுதும் ஒரு பெண் பட்டுத்துணிப் பட்டையும் ஒரு பிரஷர் குக்கரும் பரிசு பெற்றாள். அவள் அதை அன்றே மறந்தாள், ஊர் மறக்கவில்லை. பிந்திய வருஷங்களில், அடையாளக் கார்டு இல்லாத முதியவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, அவர்களைப் பதிவு இலாகாவுக்குப் பஸ்ஸில் அழைத்துச் சென்று வந்தவள் அவள். சென்ற வருஷம் நமது சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்கு ஒரு முதியவள் அவள் பெயரைச் சொன்னாள். தலைவர் (அவரே தேநீர்க் கடை நண்பர்) "அழகிக்குக் கணக்கு வருமா?" என்றார். சபை சிரித்தது. அவள் கணக்கெழுதியே சாப்பிடுகிறவள் என்பது எல்லாருக்கும் தெரியும். காரியதரிசியாகிய நாமும் சிரித்துவிட்டு, நடவடிக்கைப் புஸ்தகத்தில், "வேறு பிரேரணைகள் எவையும் இல்லை" என்று எழுதினோம். இங்கிலீஷ் பள்ளியில் படித்த நமது அழகிய கையெழுத்தில் அந்தப் பொய் இன்றும் இருக்கிறது. அவள் எழுந்து போகும்போது முதியவளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வருகிற மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம் மறுபடியும் கூடுகிறது. சென்ற வருஷத்துக் குறிப்பைத் திருத்தவேண்டுமென்று முதல் விஷயமாக நாமே எழுப்பப்போகிறோம். அவளை நேரில் கண்டு, பழையதற்கு மன்னிப்புக் கேட்டு, நிற்கச் சம்மதமா என்று விசாரித்தோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்; மூன்று நாள் கழித்துச் சம்மதித்தாள். பொருளாளர் பதவிக்கு அவள் பெயரைப் பிரேரேபித்து நமது கையெழுத்தைப் போட்டாயிற்று. ஆமோதிப்பவர் கையெழுத்துக்குரிய இடம் காலியாக இருக்கிறது. அந்தத் தாளைத் தலைவர் அவர்களுக்கே அனுப்பியிருக்கிறோம்.